மழைக்கோட்டு யாரால் மாட்டப்பட்டது?

எங்கள் சுரங்கத்தில் இப்போது யாரும் லாக் புக்கில், அதாவது ஷிப்ட் பதிவேட்டில், வாக்கியம் எழுதுவதில்லையாம். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் வருகிறது. மண் சுமக்கும் பெல்ட் எதனால் நின்றது என்று அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் வேலை முடிந்தது. போன மாதம் தொலைபேசியில் இதைச் சொன்னவர் நித்யா. என் பணியின் கடைசி இரண்டு வருடம் எனக்கு ஷிப்ட் இன்ஜினியராக இருந்தவர், என் மகள் வயது. பழைய லாக் புத்தகங்களைக் கட்டி ஓர் அறையில் போடும்போது ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்தின் நடுவே சிவப்புப் பென்சிலில் பெரிதாக ஒரே ஒரு சொல். அதன் கீழே ஏகப்பட்ட அடித்தல் திருத்தலோடு என் கையெழுத்து. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, இதன் கதையை எழுதிக் கொடுங்கள் சார், எங்கள் ஆட்கள் படிக்கட்டும் என்றார்.

ஒப்புக்கொண்டேன். முதல் வரியை "கட்டுரை எழுத ஒப்புக்கொள்ளப்பட்டது" என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் கன்வேயர் பெல்ட்டோடு நடந்தவனுக்கு இந்த வியாதி போகாது. எங்கள் எழுத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படும். பெல்ட் நிறுத்தப்படும். ரோலர் மாற்றப்படும். சேறு அகற்றப்படும். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட நான் "பால் பொங்கிய நிலையில் காணப்பட்டது" என்பேன். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன என் மனைவி தனத்துக்கு அது பிடிப்பதில்லை.

நான் விருத்தாசலம் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரு வருடம் பயிற்சி முடித்து, நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடுகிற பெல்ட்டைத் தொடாதே, நிற்கிற பெல்ட்டை நம்பாதே என்று ஒரு வருடம் முழுக்கச் சொன்னார்கள். கயிற்றில் எதையும் மாட்டாதே என்று முதல் நாளே சொன்னார்கள். அதைத்தான் நான் மறந்தேன்.

கயிறு என்பது இதுதான். சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டும் பெரிய இயந்திரத்திலிருந்து மண்ணைக் கொட்டும் இடம் வரை பெல்ட் ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில், நீளம் முழுக்க, ஒரு கயிறும் ஓடும். இடையிடையே சுவிட்சுகள் இருக்கும். கயிற்றை எங்கே இழுத்தாலும் அங்கிருக்கும் சுவிட்சின் கைப்பிடி கீழே விழும், பெல்ட் நின்றுவிடும். யாராவது நேரில் போய்க் கைப்பிடியைத் தூக்கிவிட்டால்தான் மறுபடி ஓட்ட முடியும். பெல்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்த கயிறு அது.

என் வேலை பெல்ட்டோடு நடப்பது. பெல்ட்டைத் தாங்கும் ரோலர்கள் ஆயிரக்கணக்கில் சுழலும். அதில் எதன் பேரிங் போகப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ரோலரின் தாங்கியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. என்னைத் தெரியாத ஷிப்டில்கூட "காது செல்வராசு" என்றால் தெரியும். உலகத்தில் எந்த இரும்பு முனகினாலும் எனக்குக் கேட்கும் என்று நானும் நம்பிக்கொண்டு திரிந்தேன். இரும்பு அல்லாதது எதுவும் கேட்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஷிப்ட் இன்ஜினியர் தாமோதரன் சார். ஒல்லியான மனிதர். சேற்றுக்காட்டில்கூட இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஷிப்ட் முடியும்போது லாக் புக்கை உட்கார்ந்து படிக்கமாட்டார். மேசையின் ஓரமாக நின்றுகொண்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, மேலிருந்து படித்தால் நீங்கள் சொல்கிற கதையில் நானும் சேர்ந்து போய்விடுவேன் என்றாராம். அவர் சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். "ரோலர் மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தால் பக்கத்தில் "யாரால்?" என்று எழுதுவார். "சேறு அகற்றப்பட்டது." யாரால்? வேறொரு அதிகாரி மெமோ கொடுக்கும் இடத்திலும் அவர் அதையே எழுதுவார், பாராட்ட வேண்டிய இடத்திலும் அதையே எழுதுவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'யாரால் சார்'.

ஒரு முறை நான் "பணியாளர்களால்" என்று சேர்த்து எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். பக்கத்தில் "எந்த?" என்று எழுதினார். அன்றுதான் என்னைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார்.

"மழையில நின்னு ரோலர் மாத்தினவன் பேரும் இதுல இல்ல, தூங்கினவன் பேரும் இல்ல. அப்ப இந்த சுரங்கத்த யாருங்க ஓட்டறா, பேயா?"

சரி சார் என்றேன். அடுத்த நாளும் அப்படியே எழுதினேன். பெயர் போட்டு எழுதினால் அந்தப் பெயருக்கு நாளைக்கு என்ன வரும் என்று தெரியாது. பெயர் இல்லாத வாக்கியம் குடை மாதிரி, அதற்குக் கீழே எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். நான் ஒருவனே நின்றாலும் வெளியே தெரியாது.

இனி மழைக்கோட்டுக்கு வருகிறேன்.

ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாளாக விடாத மழை. முதல் ஷிப்ட், காலை ஒன்பது மணி இருக்கும், மழை கொஞ்சம் விட்டது. எங்களுக்குக் கொடுத்த மழைக்கோட்டு ரப்பர் பூசிய கனமான சாமான், நனைந்துவிட்டால் தோளில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பெல்ட்டின் வால்பகுதிக்குப் பக்கத்தில் ஒரு ரோலர் கிரீச்சிட்டது. காதைக் கொடுக்க வேண்டுமென்றால் கோட்டின் தலைமூடி தொல்லை. கழற்றினேன். கீழே எங்கு பார்த்தாலும் சேறு. கண்ணுக்கு எதிரே கயிறு. மாட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஐம்பதடி நடந்து ரோலரில் காதை வைத்தேன். பெல்ட் நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. நல்ல சமயத்தில் நின்றது, ரோலரை நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எவன் கயிற்றை இழுத்துத் தொலைத்தான் என்று வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். ரோலரைக் கையால் சுற்றிப் பார்த்து, பேரிங்தான் என்று முடிவு செய்து, பெருமையோடு திரும்பும்போதுதான் கோட்டு ஞாபகம் வந்தது. நனைந்த கனம் மெல்ல மெல்லக் கயிற்றை இழுத்திருக்கும்.

போய்ப் பார்த்தால் கயிற்றில் கோட்டு இல்லை. சுவிட்சின் கைப்பிடி தூக்கிவிடப்பட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி கலியமூர்த்தி மட்டும் மண்வெட்டியோடு சேறு அள்ளிக்கொண்டிருந்தார். என் கோட்டு இரும்புப் படிக்கட்டுக்கு அடியில், நனையாத இடத்தில், நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாரால் என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை நானே அங்கே வைத்திருப்பேன், கயிற்றில் மாட்டியதாக நினைப்பதுதான் பிரமை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் எதையும் நான்காக மடித்ததில்லை என்பதைத் தனத்தைக் கேட்டால் சொல்வாள்.

கலியமூர்த்தி கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை அள்ளும் வேலை. என்னைவிட ஐந்து வயது பெரியவர். ஆனாலும் நான் அவரை 'வாய்யா, போய்யா' என்பேன், அவர் என்னை 'ஃபிட்டர் சார்' என்பார். பெர்மனன்ட் ஆனவுடன் அந்த வாய் தானாக வந்துவிடுகிறது, யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. பல வருடம் வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆட்கள் சிலரைப் பெர்மனன்ட் ஆக்க அந்த வாரம்தான் ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. மேலே ஒரு புகார் விழுந்தால் பெயர் கழிந்துவிடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பெல்ட்டை ஓட்டுவதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நின்ற பெல்ட்டின் மேல் இருந்த களிமண் முழுவதும் கூழாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தால் பெல்ட்டை இழுக்கும் டிரம் வழுக்குகிறது, பெல்ட் நகரவில்லை. பெல்ட் நீளத்துக்கும் ஆட்கள் ஏறி நின்று மண்வெட்டியால் தள்ள வேண்டியதாயிற்று. மேலே பெரிய இயந்திரம் அந்த ஷிப்ட் முழுக்கச் சும்மா நின்றது. மதியம் நான் லாக் புக்கில் எழுதினேன்: "கயிறு இழுக்கப்பட்ட நிலையில் காணப்பட்டது. சுவிட்ச் சரிசெய்யப்பட்டு பெல்ட் இயக்க முயற்சி மேற்கொள்ளப்பட்டது." என் வாழ்நாளில் எழுதிய அழகான வாக்கியங்களில் அது ஒன்று. ஒரு மனிதன்கூட அதில் இல்லை.

தாமோதரன் சார் கீழிருந்து மேலாகப் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, வழக்கம்போல ஓரத்தில் எழுதாமல், பக்கத்தின் நடுவில் பெரிதாக "யாரால்?" என்று எழுதினார். கையெழுத்துப் போடாமல் புத்தகத்தை மூடினார்.

கான்ட்ராக்டரின் மேஸ்திரிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. சுவிட்ச் பக்கத்தில் நின்றது கலியமூர்த்தி, கைப்பிடியைத் தூக்கியதும் கலியமூர்த்தி, கொஞ்ச நேரம் உட்கார வேண்டி இழுத்திருப்பான் என்றார். தாமோதரன் சார் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். நான் நாலடி தள்ளி நின்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க இழுத்தீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன யாரு?"

கலியமூர்த்தி என்னைப் பார்க்கவில்லை. "நான் வரக்குள்ள கைப்புடி உழுந்து கெடந்துதுங்க. தூக்கி வுட்டன்" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், டீ குடித்தேன். மேஸ்திரி அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார், விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது என்று.

அடுத்த வாரம் எனக்கு ஆபரேட்டர் பதவிக்கான இன்டர்வியூ. தனத்துக்கு ஏழாம் மாதம், பெரிய குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தோம். இவையெல்லாம் காரணங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். பெல்ட் பக்கத்தில் நடக்கப் பயப்படாதவன் ஒரு வாக்கியத்துக்குப் பயந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, சுரங்க வாசலில் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட், கையில் மஞ்சள் பையில் சாப்பாடு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். இரண்டாம் நாளும் நின்றார். அன்று நான் பஸ்ஸில் தூங்குவதாக நடித்தேன், மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு எவன் தூங்குவான் என்று எனக்கே தோன்றியது. மூன்றாம் நாள் நான் பஸ்ஸின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.

லாக் புக்கில் அந்தப் பக்கம் கையெழுத்து ஆகாமலே இருந்தது. அடுத்த ஷிப்டுக்காரர்கள் அதைத் திருப்பிவிட்டு அடுத்த பக்கத்தில் எழுதினார்கள். திருப்பும்போதெல்லாம் எல்லாரும் அந்தச் சிவப்புச் சொல்லைப் பார்த்தார்கள். தாமோதரன் சார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லித் தொலைத்திருப்பேன், அவருக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் வாசலில் கலியமூர்த்தி இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நின்ற மூன்று நாளைவிட நிற்காத அந்த ஒரு நாளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராகப் போய் லாக் புக்கைப் பிரித்து அந்தச் சிவப்புச் சொல்லுக்குக் கீழே எழுதினேன்: "என்னால் மழைக்கோட்டு கயிற்றில் மாட்டப்பட்டது." பெரிய தியாகி என்ற நினைப்பு கூடவே வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் தாமோதரன் சார் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். ஒரே வரிதான், அதனால் கீழிருந்து படிக்க முடியவில்லை.

"கோட்டு யாருதுங்க?"

"என்னுது சார்."

"அதுவா போயி மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார். என்னால..."

"வாக்கியத்தத் திருப்பிப் போடுங்க."

அடித்தேன். "மழைக்கோட்டு என்னால் கயிற்றில்" என்று ஆரம்பித்தேன். அதையும் அடித்தேன். மறுபடி அடித்தேன். துருப்பிடித்த நட்டைக் கழற்றுகிற வேலை மாதிரி இருந்தது. கடைசியில் "நான் மழைக்கோட்டைக் கயிற்றில் மாட்டினேன். பெல்ட் நின்றது" என்று எழுதினேன். பத்து வருடப் பணியில் நான் எழுதிய முதல் 'நான்' அது. எழுத்துக் கோணலாக வந்தது.

தாமோதரன் சார் கையெழுத்துப் போட்டார். போய் டீ குடிங்க என்றார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "லிஸ்ட்டு நேத்து சாயங்காலம் போயிடுச்சு, செல்வராசு."

கலியமூர்த்தியின் பெயர் இல்லாமல் போயிருந்தது. பாஸ் அன்றே திரும்பக் கிடைத்தது, புகாரும் ரத்தானது. ஆனால் பட்டியல் பட்டியல்தான். அடுத்த பட்டியல் வர ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடமும் அவர் கான்ட்ராக்டரின் லாரியில் நின்றுகொண்டே வந்தார். எனக்கு மெமோ வந்தது, இன்டர்வியூ இரண்டு வருடம் தள்ளிப் போனது. அது போதும், கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். அவரிடம் நேரில் எதையும் சொல்லவில்லை. புத்தகத்தில்தான் எழுதிவிட்டேனே!

அவர் பெர்மனன்ட் ஆன அன்று பெல்ட் ஓரமாக எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். "எடுத்துக்குங்க ஃபிட்டர் சார்" என்று என் முன்னால் டப்பாவை நீட்டிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக நின்றார். நான் ஒன்று எடுத்தேன். அவர் நகராமல் நின்றதால் இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள், என் காதைப் புகழ்ந்தார்கள். வடலூர் போகிற சாலையில் சொந்தமாக ஒரு சிறிய வீடு கட்டிக் குடிபோனோம். அதன் பிறகு நான் செய்த வேலை, வீட்டில் ஓடுகிற எல்லாவற்றிலும் காதை வைப்பது. மிக்ஸியின் பேரிங் போகப்போகிறது என்றேன். ஃபேன் இன்னும் நாற்பது நாள் என்றேன். பிரிட்ஜின் முதுகில் நான் ஸ்க்ரூடிரைவரோடு காது வைத்து நிற்பதைப் பார்த்த அன்று தனத்துக்குப் பொறுமை போய்விட்டது. வடலூரில் ஒரு மண்டபத்தில், தன்னைத்தானே அறிந்துகொள்ளும் மூன்று நாள் வகுப்பு நடக்கிறது என்று எங்கிருந்தோ கேட்டு வந்து என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "போயி நீங்க யாருன்னு கண்டுபுடிச்சிகினு வாங்க. அதுவரிக்கும் மிக்ஸி ஓடும்" என்றாள்.

வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு கட்டங்கள். ஒன்று 'நான் யார்?', இன்னொன்று 'என் வாழ்க்கையின் நோக்கம்'. பெயர், ஊர், வேலை, உறவு எதையும் எழுதக் கூடாது. மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். வளர்க்கப்பட்டேன். படிக்கவைக்கப்பட்டேன். பணியில் அமர்த்தப்பட்டேன். மணமுடித்து வைக்கப்பட்டேன். ஓய்வு கொடுக்கப்பட்டேன். இங்கே அனுப்பப்பட்டேன். பயிற்சி கொடுத்த பெண் அதை இரண்டு முறை வாசித்தார். கிண்டலாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

"ஐயா, இதுல உங்களத் தவிர எல்லாரும் வேல செஞ்சிருக்காங்க."

அதே கட்டங்கள் போட்ட இன்னொரு வெற்றுத் தாளைக் கொடுத்து, வீட்டில் வைத்து எழுதுங்கள் என்றார். பிறகு எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். உங்களுக்குள் இருக்கிற உங்களைப் பாருங்கள் என்றார். முடிந்ததும் வரிசையாகக் கேட்டார். ஒருவர் ஒளி தெரிந்தது என்றார். ஒரு அம்மாள் கடல் என்று சொல்லி அழுதார். என் முறை வந்தது. மூன்று நாளும் நான் கண்ணை மூடினால் தெரிந்தது ஒன்றுதான், படிக்கட்டுக்கு அடியில் நான்காக மடித்த மழைக்கோட்டு. சொன்னேன். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வந்து வீட்டில் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம்தான் நித்யா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது. அந்தக் கோணலான 'நான்' எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சொல்லை ஒரு புத்தகத்திடம் சொல்லியிருக்கிறேன், ஓர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை காடாம்புலியூர் பஸ் ஏறினேன். கலியமூர்த்தி அங்கே கொஞ்சம் முந்திரியும் நாலு பலா மரமும் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வழி நெடுக வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

எழுபதைத் தாண்டிய மனிதர், முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். மரத்தடியில் நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்தார். நான் 'ங்க' போட்டுப் பேசியதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பேச்சு ஓய்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மழையில பெல்ட்டு நின்னுதே, உங்க பாஸ வாங்கினாங்களே. அது வந்து, கயிறு இழுக்கப்பட்டு..."

அவர் காத்திருந்தார்.

"நான்தாங்க. நான்தான் கோட்ட அதுல மாட்டினேன்."

"தெரியுங்க" என்றார். "கோட்ட எடுத்து மடிச்சி வச்சதே நான்தான. காலர்ல உங்க டோக்கன் நம்பரு எழுதி இருந்துதே."

பின்னே ஏன் தாமோதரன் சாரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நம்பணுமில்லீங்களா. பர்மனன்ட் ஆளு மேல பழி போடறான்னு அது வேற சேரும்." கீழே கிடந்த முந்திரிச் சருகைக் காலால் ஒதுக்கினார். "அது கூட இல்லீங்க. நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சன். மூணு நாளு கேட்டாண்ட நின்னுகினு இருந்தன் பாருங்க, உள்ள வுடுவாங்கன்னு நிக்கல. நீங்க பஸ்ஸ வுட்டு எறங்குவீங்களான்னு பாத்துகினு நின்னன். மூணாம் நாளு எடம் மாறி ஒக்காந்துகினீங்க. செரின்னு வூட்டுக்குப் பூட்டன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். முப்பத்து நான்கு வருடம் ரோலர் முனகலைக் கேட்ட காதுக்கு என் குரலே அன்று சரியாகக் கேட்கவில்லை. அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நாலாம் நாளு புக்குல எழுதுனீங்கன்னு சாரு சொன்னாரு. அப்பறம் லட்டு குடுக்கறப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தன்" என்றார். "ரெண்டு தின்னீங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை அவர் பார்க்காதது போல எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். அங்கிருந்து கூப்பிட்டார். மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறதாம், நாலு பேர் பார்த்தும் தெரியவில்லையாம், வந்தது வந்தீர்கள், காதை வைத்துப் பாருங்கள் என்றார். ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கி, முனையை மோட்டாரில் வைத்து, காதைக் கொடுத்தேன். பேரிங்தான். வியாழக்கிழமை புது பேரிங் வாங்கி வந்து நானே மாற்றித் தருகிறேன் என்றேன். 'மாற்றித் தரப்படும்' என்று வாயில் வரவில்லை. அதைக் கவனித்துச் சந்தோஷப்பட அங்கே தாமோதரன் சார் இல்லை.

வீட்டுக்கு வந்து வகுப்பில் கொடுத்த அந்த வெற்றுத் தாளை எடுத்தேன். 'நான் யார்?' என்ற கட்டத்தில் எழுதினேன்: "நான் மூன்று நாள் பஸ்ஸை விட்டு இறங்காதவன்." பெயர் இல்லை, ஊர் இல்லை, வேலை இல்லை, உறவு இல்லை, விதிமுறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. தனம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். என்ன ஏது என்று கேட்டாள். கோட்டிலிருந்து லட்டு வரை முழுவதையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவளிடமும் அதைச் சொன்னதில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இன்னும் பஸ்ஸுலதான் ஒக்காந்துகினு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காடாம்புலியூரில் இறங்குகிறேன் என்றேன்.